டேப் லைப்ரரி வாங்கப்போகும் சேகருக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் கூடவே வைத்திருந்த டேப் லைப்ரரி கொட்டேஷனும் கிடைத்தன. பேக்கப் டேப்புகளை ஸ்லாட்டுகளில் அடுக்கி, ரோபோ கையால் டிரைவில் ஏற்றி இறக்கும் பெட்டிதானே அது. இங்கே எல்லோரும் சௌக்கியம். "இந்தக் காலத்திலும் டேப்பா?" என்று உங்கள் ஃபைனான்ஸ் ஆள் முகம் சுளித்தாராமே. 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் கோளாறால் ஜிமெயில் பயனர்களில் 0.02 சதவீதம் பேரின் அஞ்சல் காணாமல் போனது. பல டேட்டா சென்டர்களில் இருந்த பிரதிகளையும் அந்தக் கோளாறு பாதித்தது. கடைசியில் கூகுள் டேப்பிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தது. இதை அவரிடம் சொல், போதும்.

இனி கொட்டேஷன். 500 டிபி (டெராபைட்) தரவுக்கு 40 ஸ்லாட் மாட்யூல் இரண்டு, எல்டிஓ-9 (எல்டிஓ வகை டேப்பின் ஒன்பதாம் தலைமுறை) ஹாஃப் ஹைட், அதாவது பாதி உயர, டிரைவ் இரண்டு என்று போட்டிருக்கிறார்கள். ஸ்லாட்டைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு டிரைவில் கையை இறுக்கியிருக்கிறார்கள்.

கார்ட்ரிட்ஜில் 45 டிபி என்று போட்டிருப்பதை மறந்துவிடு. அது 2.5 மடங்கு சுருங்கினால் வரும் கணக்கு. வீடியோ, ஸ்கேன் படம், முன்பே என்கிரிப்ட் செய்த கோப்பு எதுவும் அப்படிச் சுருங்காது. 18 டிபி என்றே வைத்துக்கொள். ஒரு செட்டுக்கு 28 கார்ட்ரிட்ஜ் வரும். வெளியே வைக்க இன்னொரு செட், அதற்கும் 28. அது பெட்டிக்குள் இடம் பிடிக்காது. ஆக 28 ஸ்லாட், க்ளீனிங் கார்ட்ரிட்ஜுக்கு ஒன்று, டேப்பை உள்ளே விடவும் வெளியே எடுக்கவும் உள்ள மெயில் ஸ்லாட்டுக்கு ஐந்து ஒதுக்கினாலும் ஆறு மிச்சம். இரண்டாவது மாட்யூலுக்கு இப்போது அவசரமில்லை. அந்தக் காசில் மூன்றாவது டிரைவ் போடு.

காரணம், திரும்ப எடுக்கும் நேரம். ஹாஃப் ஹைட் டிரைவ் விநாடிக்கு 300 எம்பி. ஒரு டேப் நிறையவோ முழுசாகப் படிக்கவோ 16 மணி 40 நிமிடம் ஆகும். இரண்டு டிரைவும் மூச்சுவிடாமல் ஓடினால்கூட 500 டிபி திரும்பி வர ஒன்பதரை நாளுக்கு மேல். மூன்றென்றால் ஆறரை நாளுக்குள் வரும். எத்தனை நாள் கம்பெனி காத்திருக்க முடியும் என்று மேலாளரிடம் எழுத்தில் வாங்கு. டிரைவ் எண்ணிக்கையை அந்த பதில்தான் முடிவு செய்ய வேண்டும்.

டிரைவ் கூடினால் அதற்குத் தீனியும் கூட வேண்டும். மூன்று சேர்ந்தால் விநாடிக்கு 900 எம்பி, 10 கிகாபிட் நெட்வொர்க்கில் முக்கால்வாசி அதற்கே போய்விடும். லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகளை நேரே டேப்புக்கு அனுப்பினால் அந்த வேகத்தில் பாதிகூட வராது. தரவு குறைந்தால் டிரைவ் முதலில் தன் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அதற்கும் கீழே போனால் நின்று, கொஞ்சம் பின்னால் சுற்றி, மறுபடி ஓட்டம் எடுக்கும். இதைத்தான் ஷூ ஷைனிங் என்கிறோம், துணியால் ஷூவைத் தேய்ப்பதுபோல. நேரமும் போகும், டேப்பைப் படித்து எழுதும் ஹெட்டும் டேப்பும் தேயும். ஏற்கெனவே டேப்புக்கு ஓட்டம் அதிகம்: 1035 மீட்டர் நாடாவில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக 280 நடை ஓடினால்தான் ஒரு எல்டிஓ-9 நிறையும், கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர். அதனால் நடுவில் 10–15 டிபி எஸ்எஸ்டி வைத்து, கோப்புகளை அங்கே பெரிய மூட்டைகளாகக் கட்டி, பிறகு டேப்புக்குத் தள்ளு. பல சர்வர்களின் தரவைப் பின்னிப் பின்னி ஒரே டேப்பில் எழுதும் மல்டிப்ளெக்ஸிங் எனக்குப் பிடிக்காது. எழுதும்போது சுகம், ஒரு சர்வரை மட்டும் மீட்கும்போது நரகம்.

எல்டிஓ-9க்கு மட்டும் உள்ள ஒரு வம்பைச் சொல்கிறேன். புதுக் கார்ட்ரிட்ஜை முதல்முறை போட்டதும் டிரைவ் அந்த நாடாவை அளவெடுக்கும். சராசரியாக 40 நிமிடம், சிலசமயம் 2 மணி நேரம்வரை. பேக்கப் மென்பொருளின் மவுண்ட் டைம்அவுட், அதாவது டேப் தயாராகும்வரை அது காத்திருக்கும் நேரம், 20 நிமிடம் என்றிருந்தால், "டிரைவ் பழுது" என்று கத்திவிட்டு ஜாப்பைக் கொன்றுவிடும். டிரைவில் ஒன்றும் பழுதிருக்காது. டைம்அவுட்டை இரண்டரை மணி நேரமாக்கு. நடுவில் பவரை நிறுத்தாதே. 56 கார்ட்ரிட்ஜுக்கு மூன்று டிரைவில் பன்னிரண்டரை மணி நேரம் போல வரும், ஒரு சனிக்கிழமை முடித்துவிடலாம். ஆனால் பெட்டியைப் பிரித்து சர்வர் அறையில் 24 மணி நேரம் வைத்த பிறகே தொடங்கு. நாடா வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் மிக நுண்ணிய அளவில் விரியும், சுருங்கும். சென்னைப் புழுக்கத்தில் வேனில் வந்த டேப்பை அப்படியே அளவெடுக்கவைத்தால் அளவும் அதற்கேற்றபடிதான் இருக்கும். ஈரப்பதம் 20–50 சதவீதம், வெப்பம் 16–25 டிகிரி. வெளியே வைக்கும் இடத்திலும் இதே கணக்கு.

எந்தக் கார்ட்ரிட்ஜ் கீழே விழுந்தாலும் லைப்ரரிக்குள் விடாதே. ஓரத்திலுள்ள சின்னக் கதவை விரலால் நகர்த்திப் பார்: உள்ளே ஒரு சிறு உலோக ஊசி, லீடர் பின், இரு முனையும் கிளிப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் டிரைவால் நாடாவைப் பிடித்து இழுக்க முடியாது. சிக்கினால் டிரைவையே கழற்ற வேண்டிவரும். பார்கோடு லேபிளைக் கார்ட்ரிட்ஜின் குழிவான இடத்தில் மட்டும் ஒட்டு. ஆறு எழுத்தும், கடைசியில் எல்9. ஆபீஸ் பிரிண்டரில் அச்சடிக்கும் ஆசை வேண்டாம். ஒரே எண் இரண்டில் வந்தால், எந்த டேப்பில் எது என்று வைத்திருக்கும் கேட்டலாக் குழம்பிவிடும்.

க்ளீனிங் விஷயத்தில் மாதாமாதம் துடைக்கிற ஆட்கள் உண்டு. தேவையில்லை. க்ளீனிங் நாடா ஹெட்டைத் தேய்க்கும் ரகம். டிரைவே "டேப் அலர்ட் 20" என்ற எச்சரிக்கையை எழுப்பிக் கேட்கும், அப்போது கொடு. ஒரு க்ளீனிங் கார்ட்ரிட்ஜ் 50 முறை வரும்.

தரவைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் பற்றிக் கேட்டிருந்தாய். லைப்ரரிக்குள் இருக்கும் டேப் பாதுகாப்பு என்று நம்பாதே. பேக்கப் சர்வரின் அட்மின் கடவுச்சொல் கையில் கிடைத்தவன் ரோபோவுக்கே ஆணையிட்டு, ஒவ்வொன்றாக டிரைவில் ஏற்றி அழிக்கலாம். இரண்டாவது செட்டை எழுதிய கையோடு மெயில் ஸ்லாட் வழியாக வெளியே எடுத்துவிடு. என்கிரிப்ஷன் சாவியின் பிரதி அந்த டேப்புகளோடு ஒரே பெட்டியில் போகக்கூடாது. அந்தச் சாவி இன்னொரு இடத்தில் கட்டாயம் இருக்கவும் வேண்டும். தொலைந்தால் 28 பிளாஸ்டிக் டப்பாதான் மிஞ்சும்.

லினக்ஸில் டிரைவை எஸ்டி0, எஸ்டி1 (st0, st1) என்ற பெயரில் பேக்கப் மென்பொருளோடு கட்டாதே. ரீபூட் ஆனால் வரிசை மாறும். சீரியல் எண்ணை வைத்துக் கட்டு.

நிறுவிக் கொடுக்கும் அன்று கையெழுத்துப் போடும் முன் ஒரு சோதனை: ஏதாவது ஒரு டேப்பின் நடுவிலிருந்து ஒரு கோப்பை, எழுதிய டிரைவில் அல்லாமல் வேறு டிரைவில் போட்டு, வேறு சர்வரில் மீட்டுக் காட்டச் சொல். கோப்பு மாறவில்லை என்று காட்டும் செக்சம் எண் ஒத்துப்போகிறதா பார்.

திருத்திய கொட்டேஷன் வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி