மாட்டு டாக்டருக்கு ஒரு கேள்வி

மதுரை

மாப்ளே சேகர்,

இங்கே எல்லாரும் சுகம். உன் மாமனார் வீட்டுக் கிடா விருந்துக்கு வராததற்கான திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது விஷயம் வேறு.

செல்விக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது. ஸ்கோலியோசிஸாம். முதலில் கண்டுபிடித்தது தையற்காரர்தான். யூனிஃபார்முக்கு அளவெடுத்தவர், "பாப்பாவுக்கு ஒரு தோள் இறங்கியிருக்கே" என்றார். குனியச் சொல்லிப் பார்த்தால் வலது விலா மட்டும் மேடாக நிற்கிறது. எக்ஸ்ரேயில் 38 டிகிரி.

இப்போதைக்கு பெல்ட். வளைவு கூடினால் கம்பி வைத்து எலும்புகளை ஒன்றாக்கிவிடலாம்; இல்லாவிட்டால் வளைவின் வெளிப்பக்கம் ஸ்குரூ போட்டுக் கயிறு கட்டலாம் என்கிறார் டாக்டர். பிளாஸ்டிக் கயிறுடா! அமெரிக்காவில் 2019-இல்தான் அனுமதி கிடைத்ததாம்.

கட்டிய பக்கம் அழுத்தம் கூடி, எலும்பு வளர்கிற இடமான வளர்ச்சித் தட்டு மந்தமாகும், மறுபக்கம் வளர்ந்து முதுகு நிமிரும் என்பது கணக்கு. 1862-லேயே ஹ்யூட்டர், வோல்க்மன் என்று இரண்டு ஜெர்மானியர்கள் சொன்ன விதி. பரீட்சைக்கு முதல் நாள் இரண்டாம் ஆட்டம் போன நான், ராத்திரி உட்கார்ந்து இதையெல்லாம் படிக்கிறேன். சிரிக்காதே.

எலிகளின் வாலெலும்பில் கம்பி கோத்து ஒரு பக்கமாக அழுத்தியிருக்கிறார்கள். எலும்பே ஆப்பு வடிவத்துக்கு வந்திருக்கிறது. அழுத்தத்தைப் பக்கம் மாற்றியதும் அந்தச் சரிவு குறைந்ததாம். அதைப் படித்ததும் தெம்பு வந்தது. அப்புறம் ஆடு, பன்றி. அவற்றில் பெரும்பாலும் செய்தது என்ன தெரியுமா? நேராக இருந்த முதுகை ஒரு பக்கம் கட்டி வளைத்துக் காட்டியது. அங்கேதான் எனக்கு இடிக்கிறது. நல்ல முதுகு வளைந்தது என்பதற்காக, ஏன் வளைந்தது என்றே தெரியாத இவள் முதுகு நிமிர்ந்துவிடுமா? பன்றிக்குட்டி சில மாதத்திலேயே மளமளவென்று வளர்ந்துவிடும். இவளுக்கு 12 வயசு, இன்னும் வருஷக்கணக்கில் வளர வேண்டும். கயிறு அறுந்தும் போகுமாம். அளவு தப்பினால் எதிர்ப்பக்கம் வளைத்தும் விடுமாம்.

நீதான் நாலு கால் முதுகுகளைத் தினமும் தடவுகிறவன். படுக்கைவாட்டில் இருக்கிற அந்த முதுகுக்கும் நிமிர்ந்து நடக்கிற நம் முதுகுக்கும் விழுகிற சுமை ஒன்றுதானா? தசை இழுப்பதால் அதற்கும் நீளவாக்கில் அழுத்தம் உண்டு என்கிறார்கள். வாஸ்தவமா?

எக்ஸ்ரேயை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நீயும் கூட வா. எனக்குக் கேள்வி கேட்கவே நாக்கு எழவில்லை. ஆனால் செல்வி முன்னால் பன்றிக் கதையை எடுத்தாயோ, உதைதான்.

உன்,
முத்து