பென்சிலால் எண் போட்டு அனுப்பியவருக்கு

வாசகர்களுக்கு வணக்கம்.

புதிய படக்கதையின் முதல் இரண்டு பக்கங்கள் பேச்சு வரிசை குழம்பியும் எழுத்தின் புள்ளி மறைந்தும் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். அதை மறுபடி கிளற வேண்டாம். மூன்றாவது பக்கம் நேற்று ஒழுங்காக அச்சேறி வந்துவிட்டது. அந்த ஈரத்தோடு இந்த மடலை எழுதுகிறோம்.

திட்டி எழுதியவர்கள், தேற்றி எழுதியவர்கள் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் ஓர் உறையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அதில் கடிதமே இல்லை. முதல் பக்கத்தைக் கத்தரித்து, ஒவ்வொரு பேச்சுப் பலூனுக்குப் பக்கத்திலும் மெல்லிய பென்சிலால் எண் போட்டிருந்தது: 1, 2, 4, 3, 5, 6. அடியில் ஒரே வரி, "அம்மா இந்த வரிசையில் வாசித்தார்."

குறையும் இல்லை, யோசனையும் இல்லை. ஒருவர் கண் எந்த வழியாகப் போனது என்ற தடம் மட்டும். அந்தப் பக்கம் ஏன் சிரிப்பு மூட்டவில்லை என்பது அதைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது.

அந்தப் பக்கத்தின் இரண்டாம் கட்டத்துப் படம் பேருந்து நிறுத்தம். வலப்பக்கம் பாட்டி, இடப்பக்கம் பேத்தி. பாட்டி, "ஒம்பது மணி பஸ் போயிருச்சா?" என்கிறார். பேத்தி, "நேத்தே போயிருச்சு" என்கிறாள். பாட்டியின் பலூன் மேலே இருக்கிறது என்று நம்பியிருந்தோம். அளந்து பார்த்தால் அரை வரி உயரம்தான் வித்தியாசம். அந்த அரை வரியைக் கண் மதிக்காது. இரண்டு பலூன்கள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தால் இடது பக்கத்ததுதான் முந்தும். அந்த அம்மாவுக்கு விடை முதலில் வந்துவிட்டது, கேள்வி பிறகு வந்தது. நகைச்சுவை அங்கேயே செத்தது. முதல் பலூனின் கடைசி வரி, இரண்டாவது பலூனின் முதல் வரிக்கு மேலே முடிய வேண்டும். அப்போதுதான் வலப்பக்கத்துப் பேச்சு முந்தி வரும்.

படத்தை அப்படியே இடவலமாகத் திருப்பிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். தீராது. பாட்டியின் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், நடத்துனரின் சட்டைப்பை வலது மார்புக்கு வந்துவிடும், பேருந்தின் ஏறும் வாசல் வண்டியின் வலப்பக்கத்துக்குப் போய்விடும். பெயர்ப்பலகையைத் தனியாக எழுதி ஒட்டலாம், முந்தானையை எப்படி ஒட்டுவது? அதனால் கேள்வி பலூனைத் தட்டையாக நீட்டிக் கட்டத்தின் இடது ஓரம்வரை கொண்டுவந்தோம். வாலை மட்டும் வலப்பக்கம் பாட்டியின் வாயை நோக்கிச் சின்னதாக விட்டோம். பேத்தியின் பலூன் அவள் மோவாய் மட்டத்துக்கு இறங்கியது. புளியமரத்தின் கிளை ஒன்று மறைந்தது. போகட்டும். மூன்றாவது பக்கத்தின் கட்டங்களையும் இந்தக் கணக்கில்தான் அடுக்கினோம்.

அந்த அம்மாவுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து குறுக்கே பேசாமல் எண் போட்டவருக்கும் எங்கள் வணக்கம். குறுக்கே பேசாமல் இருந்ததுதான் பெரிய உதவி. "இதை முதலில் படி" என்று விரல் நீட்டியிருந்தால் பிழை மறைந்தே போயிருக்கும்.

மற்றவர்களையும் ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறோம். பாட்டி ஒரு கட்டத்தில் "ஏலே" என்றும் அடுத்ததில் "ஏனுங்க" என்றும் பேசுவதைப் பிடித்த நெல்லைக்காரர்களும் கோவைக்காரர்களும். நேர்ப்புள்ளி வைத்துவிட்டு ஊடுபுள்ளிக் கோலத்தை இழுத்திருந்ததைக் கண்டவர். பலூன்கள் ஒல்லியாக இருப்பதால் "போய்க்கொண்டிருக்கிறார்கள்" மூன்றாக உடைகிறது என்று எழுதிய ஆசிரியை. இரவில் காத்திருந்து தகடு மாற்றிய அச்சக ஊழியர்கள். ஆசிரியை சொன்னது சரிதான், ஆங்கிலப் படக்கதைகளைப் பார்த்து நெட்டையாக வரைந்த பலூனில் தமிழ்ச் சொல் உட்காராது. அகலமாகத்தான் வரைய வேண்டும், அல்லது "போய்ட்டிருக்காங்க" என்று பேச்சு நடைக்கு இறங்க வேண்டும்.

மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போனதைப் படம் பிடித்து அனுப்பியவர்கள் பலர். இரவுக் காட்சியில் பாட்டி "நில்" என்று கத்துகிறார், அச்சில் "நில" என்று வந்தது. கறுப்புப் பலூனில் வெள்ளை எழுத்து வைத்ததுதான் காரணம். செய்தித்தாள் காகிதத்தில் மை பரவும். சுற்றியுள்ள கறுப்பு பரவி முதலில் விழுங்குவது புள்ளியைத்தான். போதாததற்கு அந்தக் கறுப்பை நான்கு வண்ணமும் கலந்து வைத்திருந்தோம். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஓர் அச்சுத் தகடு, அவற்றில் ஒன்று ஒரு மயிரிழை விலகினாலும் வெள்ளை எழுத்துக்குள் வண்ணம் புகுந்துவிடும். இனி வெள்ளைப் பலூனில் கறுப்பு எழுத்து, அதுவும் கறுப்புத் தகட்டில் மட்டும். வெள்ளை எழுத்து தவிர்க்கவே முடியாத இடத்தில் தடித்த எழுத்துரு, புள்ளியைக் கையால் ஒன்றரை மடங்கு பெரிதாக்குவது. பென்சில் நிலையிலேயே, கதை தெரியாத மூன்று பேர் வாசித்து எண் போடாத பக்கத்துக்கு மை போடுவதில்லை என்றும் முடிவாகிவிட்டது.

தொடர்ந்து எழுதுங்கள். "நன்றாக இருக்கிறது" என்பது மனசுக்கு இதம், ஆனால் திருத்த உதவாது. கதை தெரியாத ஒருவரிடம் பக்கத்தைக் கொடுத்து, விளக்கம் சொல்லாமல் பாருங்கள். எந்தப் பலூனுக்குக் கண் திரும்பி வந்தது, எந்தக் கட்டத்தில் சிரித்தார், இந்த இரண்டும் போதும். நான்கு கட்டப் படக்கதையில் மூன்றாவதிலேயே சிரித்துவிட்டால் நான்காவது வீண், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். படம் பிடித்து அனுப்புவதானால் தாளை மேசையில் விரித்துப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். மடிப்பின் நிழல் விழுந்தால் மை பரவலையும் நிழலையும் எங்களால் பிரிக்க முடியவில்லை.

வருகிற பக்கத்தின் மூன்றாம் கட்டத்தில் ஆட்டின் தலைக்கு மேல் மேகம்போல ஒரு பலூன் இருக்கும், வாலுக்குப் பதிலாகச் சின்ன வட்டங்கள். ஆடு வாய்விட்டுப் பேசியதாக வாசித்தீர்களா, மனசுக்குள் நினைத்ததாக வாசித்தீர்களா? ஒரு சொல்லில் எழுதினால் போதும்.