பழைய பதிவேட்டை மூட யார் உத்தரவு போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசு அலுவலகம் டிஜிட்டல் ஆவதைப் பற்றிப் பேச்சு வந்தாலே சர்வர், செயலி, மென்பொருள் என்றுதான் ஆரம்பிக்கிறோம். திட்டம் படுத்துவிடுவது பெரும்பாலும் அங்கே இல்லை. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் விண்ணப்பம் ஆன்லைனில் வரும், எழுத்தர் அதைப் பிரிண்ட் எடுத்துக் கோப்பில் கட்டி மேலே அனுப்புவார், கையெழுத்தானதும் ஸ்கேன் செய்து திரும்ப ஏற்றுவார். அப்புறம் பழைய பதிவேட்டிலும் எழுத வேண்டும், ஏனென்றால் அதை நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. வேலை இரட்டிப்பானதுதான் மிச்சம்.

பெரிய நாடுகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. அமெரிக்காவின் மருத்துவக் காப்பீட்டு இணையதளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்த நாளிலேயே திணறியது. ஒப்பந்த நிறுவனங்கள் ஏராளம், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதில் தெளிவில்லை. கனடாவில் இன்னும் கூத்து: 2016இல் அரசு ஊழியர்களுக்கான பீனிக்ஸ் என்ற கணினிச் சம்பள முறை ஒழுங்காக ஓடுமா என்று தெரியும் முன்பே பழைய சம்பளப் பிரிவு ஆட்களைக் குறைத்துவிட்டார்கள், பிறகு ஊழியர்களுக்குச் சம்பளம் கூடுதலாக வந்தது, குறைவாக வந்தது, சிலருக்கு வரவே இல்லை.

எஸ்டோனியா 2001இல் தொடங்கிய எக்ஸ்-ரோடு, அதாவது துறைகளின் கணினிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் இணைப்பு, வேறு மாதிரி. தகவல் அந்தந்தத் துறையிடமே இருக்கும், அனுமதி உள்ள மற்றத் துறை அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

சரி, நான் கேட்பது சின்ன விஷயம்தான். டெண்டர் விடும் முன்பே, துறைகளுக்குள் தகராறு வந்தால் முடிவு சொல்லப்போகும் அதிகாரி யார், பழைய பதிவேடு எந்தத் தேதியில் மூடப்படும், இந்த இரண்டையும் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர்