நாவல் பிரியனுக்கு ஒரு பதில்

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேரனுக்குக் காய்ச்சல் விட்டதும் மாடிக்கு ஒருவழியாகக் குடித்தனம் வந்ததும் படித்து நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம், கமலாவுக்கு மட்டும் மூட்டுவலி விட்டபாடில்லை. சரி, அதெல்லாம் இருக்கட்டும். கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில், ஜான் பக்கனின் ‘தி தேர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்’ நாவலை ஹிட்ச்காக் படம் எடுக்கிறேன் என்று கெடுத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாயே, அதற்குப் பதில் எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

கதையை மாற்றினார் என்பதில் சண்டையே இல்லை. பக்கன் உடம்பு சரியில்லாமல் படுக்கையில் கிடந்தபோது எழுதிய நாவல் அது, 1915-இல் வந்தது. அதில் அந்த முப்பத்தொன்பது படிகள் நிஜமாகவே கென்ட் கடற்கரையில் இறங்கும் படிகள். 1935-இல் வந்த படத்தில் அது ஒற்றர் கும்பலின் பெயர். நாவலில் கதாநாயகன் ஹானேயின் வீட்டில் செத்துக் கிடப்பவன் ஓர் ஆண், படத்தில் பெண். நாவலில் கதாநாயகியே கிடையாது. எல்லாம் உண்மைதான். ஆனால் நாவலில் உனக்கு இன்றைக்கு யார் முகம் ஞாபகம் இருக்கிறது, சொல் பார்க்கலாம். கொலைப் பழி தன் மேல் விழ ஹானே ஓடுகிறான், ஒளிகிறான், மறுபடி ஓடுகிறான், வழியில் வருகிறவர்கள் எல்லாம் அவனுக்குச் சோறும் சட்டையும் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஹிட்ச்காக்கும் திரைக்கதை எழுதிய சார்லஸ் பென்னட்டும் அந்த ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வழியில் வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுத்தார்கள். என் கட்சி இதுதான்.

ஸ்காட்லாந்து மலையில் அந்தக் குடியானவன் வீட்டுக் காட்சியை எடுத்துக்கொள். நடிகர் ஜான் லாரி கடுகடுப்பான கிழவனாக வருகிறார், பெகி ஆஷ்கிராஃப்ட் அவனுக்கு வாழ்க்கைப்பட்ட சின்ன வயதுப் பெண்ணாக. அவள் கிளாஸ்கோக்காரி. ஹானே லண்டனிலிருந்து வருகிறான் என்று தெரிந்ததும் அவள் கேட்பது என்ன, அங்கே பெண்கள் கால் நகத்துக்குச் சாயம் பூசுவார்களாமே, நிஜமா என்று. அந்த ஒரு கேள்வியிலேயே அவள் கல்யாணத்தின் முழு லட்சணமும் தெரிந்துவிடுகிறது. அப்புறம் சாப்பாட்டு மேசை. கிழவன் கண்ணை மூடி ஜெபம் சொல்கிறான், ஹானேயின் பார்வை அங்கே கிடக்கும் பேப்பரில் கொலைச் செய்தி மேல் போகிறது, அவள் அதைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொள்கிறாள், இருவரும் கண்ணாலேயே பேசிக்கொள்கிறார்கள். இதைக் கவனித்துவிட்ட கிழவனுக்கோ சந்தேகம் வேறு மாதிரி. வெளியே போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறான். மேசையில் மூன்று பேர், மூவர் மனத்திலும் மூன்று வேறு கதை. கடைசியில் அவள் புருஷனின் கோட்டை ஹானேக்குக் கொடுத்து அனுப்புகிறாள். அந்தக் கோட்டுப் பையில் இருந்த பாட்டுப் புத்தகம்தான் பிற்பாடு துப்பாக்கிக் குண்டைத் தடுக்கிறது. ஹானே பிழைத்துக்கொள்கிறான், அவளுக்கு அடி விழுகிறது. அதோடு படம் அவளை விட்டுவிட்டுப் போய்விடுகிறது, திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு ஒவ்வொரு தடவையும் அங்கே கோபம் வரும், ஆனால் அது ஹிட்ச்காக் வேண்டுமென்றே கிளப்பிவிடுகிற கோபம் என்றுதான் நினைக்கிறேன்.

வில்லன் மட்டும் என்ன குறைச்சல்? சுண்டு விரலில் ஒரு கணு இல்லாதவனிடம் ஜாக்கிரதையாக இரு என்று ஹானேயின் வீட்டில் சாகப்போகிற அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். பெரிய மனிதர், பேராசிரியர், இவரிடம் போனால் காப்பாற்றுவார் என்று நம்பிப் போன இடத்தில் ஹானே எந்த விரல் என்று காட்ட, அவர் தன் இன்னொரு கையைத் தூக்கி, இந்த விரலாக இருக்குமோ என்று சிரித்த முகத்தோடு கேட்கிறார் பார். கத்தல் இல்லை, பின்னணி இசையின் ஆர்ப்பாட்டம் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி உள்ளே வந்து, கணவன் கையில் துப்பாக்கி இருப்பதைச் சட்டை செய்யாமல் சாப்பாட்டு விஷயம் பேசுகிறாள். எனக்கு ரத்தம் உறைந்தது அந்த அம்மாளைப் பார்த்துத்தான்.

ஹானேயாக வரும் ராபர்ட் டோனட்டும் கதாநாயகி மேடலின் கரோலும் ஒரே கைவிலங்கில் மாட்டிக்கொண்டு அலைவதைப் பற்றி எழுதப் போவதில்லை, அது எல்லாருக்கும் பிடித்த பகுதி, உனக்கும் பிடித்திருக்கும். (படப்பிடிப்பில் ஹிட்ச்காக் இருவருக்கும் விலங்கைப் போட்டுவிட்டுச் சாவி தொலைந்துவிட்டது என்று விளையாடினார் என்று ஒரு கதை உண்டு. செய்யக்கூடிய ஆள்தான்.)

ஆனால் மிஸ்டர் மெமரியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எதைக் கேட்டாலும் ஞாபகத்திலிருந்தே பதில் சொல்லும் மேடைக் கலைஞர், நாவலில் இல்லாத ஆள். டேட்டாஸ் என்ற பெயரில் மேடைகளில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன ஒரு நிஜ மனிதரை மனத்தில் வைத்து ஹிட்ச்காக் உருவாக்கியது. ஒற்றர்கள் கடத்தப் பார்க்கும் ரகசியம் முழுக்க இந்த ஆளின் மண்டைக்குள்தான் இருக்கிறது, சத்தமில்லாத விமான எஞ்சினின் சூத்திரம். அதைப் பற்றிப் படம் கவலையே படவில்லை, நாமும் படுவதில்லை. லண்டன் பல்லேடியம் அரங்கில் இவர் நிகழ்ச்சி நடக்கும்போது ஹானே எழுந்து நின்று, முப்பத்தொன்பது படிகள் என்றால் என்ன என்று கத்துகிறான். வாயைத் திறந்தால் சாவு என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே பழகிப்போன தொழில்காரர், சொல்ல ஆரம்பித்துவிடுகிறார், குண்டு பாய்கிறது. பின்னால் நடனப் பெண்கள் காலைத் தூக்கி ஆட, சாகிற நேரத்தில் சூத்திரத்தை முழுக்க ஒப்பித்துவிட்டு, சரிதானா என்று கேட்கிறார். தேச ரகசியம் காப்பாற்றப்பட்டதை விட, மனிதருக்குப் பாரம் இறங்கியதுதான் அங்கே பெரிதாகத் தெரிகிறது.

நாவலை அப்படியே பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தால் 1978-இல் ராபர்ட் பவல் நடித்ததைப் பார். கதையை மறுபடி 1914-க்கே கொண்டு போயிருக்கிறார்கள். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அதிலும் கடைசியில் ஹானே பிக் பென் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்குவான். உன் பக்கன் அப்படி எழுதவில்லை.

ஹிட்ச்காக்கின் படம் ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. பேரன் தூங்கிய பிறகு குடியானவன் வீட்டுக் காட்சியை மட்டுமாவது இன்னொரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு எழுது. அப்படியும் மனம் மாறவில்லை என்றால் தீபாவளிக்கு வரும்போது நேரில் சண்டை போட்டுக்கொள்வோம். டிக்கெட் எடுத்துவிட்டாயா இல்லையா, அதையும் எழுது. கமலா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
ராமு