கைசுகா அணி வென்றது பயிற்சி நேரத்தால் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜப்பான் பெண்கள் வாலிபால் அணியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பயிற்சியாளர் ஹிரோபுமி டைமட்சுவின் கடுமையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பகலில் ஆலை வேலை, மாலையில் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் பயிற்சி என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் எதைப் பயின்றார்கள், ஏன் அதைப் பயின்றார்கள் என்பதுதான் விளையாட்டுக்காரர்களுக்கு வேண்டிய செய்தி.

அணியின் முதுகெலும்பு ஒரு நூற்பாலைக் கிளப். நிச்சிபோ நிறுவனத்தின் பல ஆலைகளில் தனித்தனியாக இருந்த அணிகளை ஒன்றாக்கி, ஒசாகா மாகாணத்தின் கைசுகா ஆலையில் 1954இல் இதை அமைத்தார்கள். ஒரே விடுதி, ஒரே ஆடுகளம், ஆண்டுக்கணக்கில் கலையாத அணி. கேப்டன் மசாயே கசாய் ஒலிம்பிக் ஆடியபோது அவருக்கு வயது 31.

அன்று ஜப்பானில் பழக்கமாக இருந்தது ஒன்பது பேர் ஆட்டம். அதில் ஆட்டக்காரர்கள் முறைவைத்து இடம் மாறும் சுழற்சி கிடையாது. முன்வரிசைக்காரர் முன்வரிசையிலேயே நிற்பார். உலகப் போட்டியோ ஆறு பேர் ஆட்டம். 9 மீட்டருக்கு 9 மீட்டர் களத்தை ஆறு பேர் காக்க வேண்டும் என்றால் ஆளுக்கு 13.5 சதுர மீட்டர். தற்காப்புக்கென்றே தனி ஆளான லிபரோ 1998இல்தான் வந்தார். ஆக, சுழற்சியில் பின்னால் வரும் ஒவ்வொருவரும் பந்தெடுக்கத் தெரிந்தவராக இருந்தே தீரவேண்டும்.

அன்றைய விதியையும் பாருங்கள். சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி. எதிரணி சர்வீஸை எடுத்து முதல் ஸ்மாஷை அடித்துவிடும். அதைத் தரையில் விழாமல் எடுத்துத் திருப்பி அடித்தால்தான் நமக்கு ஒரு புள்ளி. பிளாக் செய்பவர், அதாவது வலையருகே எழும்பி ஸ்மாஷைத் தடுப்பவர், கையை வலைக்கு அப்பால் நீட்டுவதும் அப்போது தவறு. ஒலிம்பிக்குக்குப் பிறகுதான் அதை அனுமதித்தார்கள். அதனால் நிறைய ஸ்மாஷ் பிளாக்கைத் தாண்டிப் பின்களத்துக்கு வந்தது. இந்த விதிகளில் புள்ளி சேர்க்க முக்கியமான வழி இரண்டு: எடுக்கச் சிரமமான சர்வீஸ், விடாத தற்காப்பு. நிச்சிபோ இரண்டிலும்தான் உழைத்தது. எங்கள் பார்வையில் டைமட்சுவின் பெரிய திறமை இந்தக் கணக்குதான்.

சர்வீஸில் அவர்கள் பந்தைச் சுழல விடவில்லை. உள்ளங்கையின் அடிப்பகுதியால் பந்தின் நடுவில் அடித்து, கையை அங்கேயே நிறுத்த வேண்டும். மணிக்கட்டு மடங்கினால் பந்து சுழன்று நேராகப் போய்விடும். சுழலாத பந்தைச் சுற்றிக் காற்று ஒரே சீராக ஓடாது. வழியில் அது அலையும், எதிர்பாராமல் இறங்கும்.

தற்காப்பில் அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது உருண்டெழும் ரிசீவ், அதாவது பாய்ந்து பந்தை எடுத்ததும் உருண்டு எழுந்துவிடுவது. தள்ளினாலும் எழுந்துகொள்ளும் பொம்மை நம் தஞ்சாவூரில் போல ஜப்பானிலும் உண்டு. டைமட்சுவுக்கு யோசனை தந்தது அதுதான். பந்து எடுத்தவர் தரையில் கிடந்தால் ஐந்து பேரோடு ஆடவேண்டியிருக்கும். உருண்டால் அடுத்த பந்துக்குள் காலில் நிற்பார்.

இதைச் சொல்லித்தருபவர்கள் வரிசையை மாற்றக்கூடாது. இடுப்பைத் தாழ்த்தி நிற்க வேண்டும். பந்து வலப்பக்கம் வந்தால் வலக்காலை நீளமாக வைத்து, முழங்கால் மேல் உடம்பைச் சாய்த்து, வலக்கையைப் பந்துக்கு அடியில் நீட்ட வேண்டும். முதலில் பந்து, பிறகுதான் தரை. தொட்டபின் தொடையின் வெளிப்புறம், பிட்டம், முதுகு என்று வரிசையாகத் தரையில் பட, தாடையை மார்போடு ஒட்டி, இடத்தோளின் மேல் கால்களைச் சுழற்றி எழ வேண்டும். நிமிர்ந்த நிலையிலிருந்து விழுந்தால் முழங்காலும் முழங்கையும் அடிபடும். பயத்தில் கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். தலைக்கு நேர்மேலே உருண்டால் கழுத்துக்கு ஆபத்து. முதலில் மெத்தையில், குந்திய நிலையிலிருந்து, பந்தே இல்லாமல். பிறகு கையால் உருட்டிவிடும் பந்து. கடைசியாகத்தான் அடிக்கும் பந்து. இடப்பக்கத்துக்கும் அதே அளவு பயிற்சி தேவை. பலரும் அதை விட்டுவிடுகிறார்கள்.

பலன் வேகமாகவே வந்தது. இந்த ஆட்டக்காரர்களை நம்பி நின்ற ஜப்பான் அணி 1960 உலகப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. 1961 ஐரோப்பியப் பயணத்தில் தோல்வியே இல்லாமல் ஆடி, ‘கீழ்த்திசைச் சூனியக்காரிகள்’ என்ற பட்டத்தோடு திரும்பினார்கள். 1962இல் மாஸ்கோவிலேயே சோவியத் அணியைத் தோற்கடித்து உலகப் பட்டம் வாங்கினார்கள். ஒலிம்பிக்கில் போலந்திடம் மட்டும் ஒரு செட் போனது. 1964 அக்டோபர் 23 அன்று சோவியத்துக்கு எதிராக 15-11, 15-8, 15-13. கடைசிப் புள்ளி, எதிரணிக் கை வலையைத் தாண்டிய தவறால் வந்தது. கிளப்பின் தொடர் வெற்றி 258 ஆட்டம் வரை நீண்டு, 1966இல் யாஷிகா அணியிடம் முடிந்தது. நிச்சிபோ 1969இல் யூனிடிகா ஆனது. அணி 2000இல் டோரே நிறுவனத்துக்குப் போனது. 2007-08 தொடங்கி அடுத்தடுத்து மூன்று பருவங்கள் ஜப்பான் லீக் பட்டத்தை அதே வழிவந்த அணிதான் வென்றது.

இன்று ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி உண்டு, லிபரோ உண்டு, பிளாக்கும் வலைக்கு அப்பால் போகலாம். எனவே கைசுகாவின் பயிற்சி நேரத்தைப் பார்த்து வளரும் பெண்களை நள்ளிரவு வரை நிறுத்தி வைப்பதற்கு அந்த வரலாற்றில் ஆதாரம் இல்லை. களைத்த உடம்பு உருளும்போதுதான் தோளில் அடிபடும். பக்கவாட்டுப் பந்துக்கு உருளுதல் இன்றும் உதவும். முன்னால் விழும் பந்துக்கு டைவ்தான் சரி. அடுத்த முறை அந்த அணியைப் பற்றி எழுதும்போது இந்த ஆட்டமுறைக்கும் நான்கு வரி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாலிபால் பயிற்சியாளர்கள் சிலர்