வேலை போனதா, வேலை முடிந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலையிழந்தோருக்கான உதவித்தொகை பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சொந்தமாகத் தொழில் செய்பவர்கள் வேலையிழப்புக் காப்பீட்டுக்குச் சந்தா கட்டுவதில்லை, ஆகவே அவர்கள் இதில் பங்கு கேட்க முடியாது என்று ஒரே வரியில் எங்கள் கதையை முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்த ஒரு வரிக்குள் நான் பதினொரு வாரம் மாட்டிக்கொண்டு கிடந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். கான்ட்ராக்ட்டில் வேலை பார்ப்பவள். (கான்ட்ராக்டர் என்றதும் ஜல்லியும் சிமென்ட்டும் நினைவுக்கு வரும். என்னிடம் இருப்பது ஒரு லேப்டாப், அதுவும் பெரும்பாலும் கம்பெனியுடையது.) ஆறு மாதம் ஓரிடம், நாலு மாதம் இன்னோரிடம் என்று பதினான்கு வருடம் ஓடிவிட்டது. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு வராது, நான்தான் பில் போட வேண்டும். முப்பது நாளில் பணம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அறுபது நாள் இழுத்தாலும் யாரையும் கோபித்துக்கொள்ள முடியாது. அடுத்த கான்ட்ராக்ட் அவர்கள் கையில் அல்லவா இருக்கிறது!

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மெயில் வந்தது. அடுத்த கட்டத்துக்குப் பட்ஜெட் கிடைக்கவில்லை, இதுவரை உழைத்ததற்கு நன்றி. சாயங்காலத்துக்குள் லாகின் மூடிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை உதவித்தொகைக்கான படிவத்தைத் திறந்தேன். அந்த அலுவலகம் எது, எங்கே என்று எழுதப் போவதில்லை. கான்ட்ராக்ட்டில் இருக்கும் யாருக்கும் இந்தப் படிவத்தின் முகம் தெரிந்திருக்கும்.

கடைசி முதலாளியின் பெயர் என்ன என்பது முதல் கேள்வி. எனக்கு முதலாளி கிடையாது, வாடிக்கையாளர்தான் உண்டு. வேலை போன காரணம் என்ற இடத்தில் ராஜினாமா, பணிநீக்கம், ஆட்குறைப்பு என்று மூன்று கட்டங்கள். 'வேலை முடிந்துவிட்டது' என்பதற்குக் கட்டமே இல்லை. அடுத்து, சொந்தத் தொழில் ஏதாவது பதிவு செய்திருக்கிறீர்களா என்று கேட்டது. ஆம் என்று குறித்தேன். அங்கே நின்றுபோனது விண்ணப்பம்.

நேரில் போனேன். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் பொறுமையாகத்தான் பேசினார். "தொழில் பதிவை ரத்து பண்ணிட்டு வாங்கம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்றார். ரத்து செய்தால் அடுத்த வாரம் ஒரு கான்ட்ராக்ட் வந்தாலும் என்னால் பில் போட முடியாது. ரத்து செய்யாவிட்டால் நான் வேலையில்லாதவள் இல்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அந்த நிலைமை. அந்த அம்மாள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்குக் கொடுத்த விதிப்புத்தகத்தில் என்னைப் போன்ற ஆளுக்குப் பக்கம் ஒதுக்கவில்லை.

என்னைக் காப்பாற்றியது ஒரு தற்செயல். அதற்கு முந்தைய ஐந்து மாத வேலை ஒரு ஏஜென்சி மூலமாக வந்தது. அவர்கள் என்னைத் தங்கள் சம்பளப் பட்டியலில் சேர்த்துச் சந்தாவும் பிடித்திருந்தார்கள். அந்த மாதங்களை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, சிறிய தொகைதான் என்றாலும், அனுமதித்தார்கள். அதே மேஜை, அதே வேலை, பக்கத்தில் அதே ஆட்கள். ஏஜென்சி வழியாக வந்தபோது தொழிலாளி, நேரடியாகப் பில் போட்டபோது தொழிலதிபர்!

அதோடு முடியவில்லை. நான்காவது வாரம் பழைய பில் ஒன்றுக்குப் பணம் வந்து சேர்ந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் செய்து முடித்த வேலைக்கான பணம். ஒளிக்காமல் வாராந்திரப் படிவத்தில் எழுதினேன். அந்த வாரம் நான் வேலை பார்த்ததாக முடிவுசெய்து உதவித்தொகையை நிறுத்தி, விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். டைம்ஷீட் (எந்த நாள் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தேன் என்ற கணக்கு), பில், வேலை முடிந்ததாகச் சொன்ன மெயில், மூன்றையும் இணைத்து மேல்முறையீடு செய்தேன். ஏழு வாரம் கழித்து என் பக்கம் நியாயம் என்று பதில் வந்தது. அதற்குள் அடுத்த கான்ட்ராக்ட்டே கிடைத்துவிட்டது.

இந்த விதி இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பிரிட்டனில் வேலையில்லாதவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகையில், சொந்தத் தொழில் வருமானம் கைக்கு வந்த மாதத்துக் கணக்கில் சேரும். அமெரிக்க மாநிலங்களில் சம்பளத்தைப் பொதுவாக வேலை செய்த வாரத்தில் காட்டச் சொல்கிறார்கள். ஆகவே என்னைப் போன்றவர்கள் ஒவ்வொரு பில்லுக்கும் இரண்டு தேதி எழுதி வைத்துக்கொள்வது நல்லது: உழைத்த தேதி ஒன்று, பணம் வந்த தேதி ஒன்று. எதைக் காட்ட வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். சில்லறை வேலைதானே என்று மறைத்தால் பிறகு அபராதத்தோடு திருப்பிக் கட்ட நேரும்.

இன்னொன்று. ஒப்பந்தத்தில் 'சுயாதீன கான்ட்ராக்டர்' என்று போட்டிருப்பதாலேயே சட்டமும் அப்படிப் பார்க்கும் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, வேலை கொடுத்தவர்தான் மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும்: இந்த ஆள் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, இவர் செய்தது எங்கள் வழக்கமான தொழில் இல்லை, இவருக்குத் தனியாக ஒரு தொழில் இருக்கிறது. ஒன்று தவறினாலும் அவர் ஊழியர்தான், ஒருசில தொழில்களுக்கு விலக்கு உண்டு. பிரிட்டனின் உச்ச நீதிமன்றமும் 2021 பிப்ரவரியில் ஊபர் ஓட்டுநர்கள் வழக்கில் ஒப்பந்தத் தாளை விட்டுவிட்டு நடைமுறையைத்தான் பார்த்தது. நான் தினமும் காலை ஒன்பதரை மணி மீட்டிங்குக்குப் போனவள், லீவுக்கு அவர்கள் மேனேஜரிடம் அனுமதி கேட்டவள். இதையெல்லாம் விண்ணப்பத்தில் எழுதலாம் என்று எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை.

இப்போது கட்டுரையாளரின் வரிக்கு வருகிறேன். நாடு முழுவதற்குமான கட்டாய வேலையிழப்புக் காப்பீட்டை முதலில் கொண்டுவந்தது பிரிட்டன், 1911-இல். யாருக்காக? எல்லாத் தொழிலாளர்களுக்கும் இல்லை. கட்டட வேலை, கப்பல் கட்டும் வேலை, இயந்திர வேலை போன்ற சில தொழில்களில் இருந்த சுமார் 22.5 லட்சம் பேருக்கு. வாரம் 7 ஷில்லிங், வருடத்துக்கு அதிகபட்சம் 15 வாரம். ஒரு கப்பல் முடிந்து அடுத்த கப்பலுக்கு இரும்பு வந்து இறங்கும்வரை கை கட்டி நிற்க வேண்டிய தொழில்கள் அவை. அதாவது இந்தத் திட்டம் பிறந்ததே, வேலை விட்டு விட்டு வருகிறவர்களுக்காக. இன்று விட்டு விட்டு வேலை வருகிற எங்களைத்தான் அது வெளியே நிறுத்துகிறது.

அவர்களுக்கு முதலாளி இருந்தார், அவரும் ஒரு பங்கு கட்டினார் என்பார் கட்டுரையாளர். சரி, அந்தப் பங்கையும் சேர்த்து நானே கட்டுகிறேன். வாங்கிக்கொள்ள ஜன்னல் எங்கே? ஜெர்மனியில் 2006 முதல் சுயதொழில்காரர்கள் விருப்பப்பட்டால் சந்தா கட்டிக் காப்பீட்டில் தொடரலாம். ஆஸ்திரியாவில் 2009 முதல் இருக்கிறது, சேர்வதா வேண்டாமா என்று முடிவெடுத்தால் எட்டு வருடத்துக்கு மாற்ற முடியாது. அயர்லாந்து 2019 நவம்பரில் சுயதொழில்காரர்களுக்கென்றே தனி உதவித்தொகை தொடங்கியது. ஓட்டைகள் இல்லாமல் இல்லை. அயர்லாந்திலும் தொழில் நின்றுபோயிருக்க வேண்டும். ஜெர்மனியில் இரண்டு முறை தொழில் தடைப்பட்டு உதவி வாங்கியவர் மறுபடி அந்தக் காப்பீட்டில் சேர முடியாது. விட்டு விட்டு வேலை வருகிறவர்களுக்கு இரண்டு தடவை என்பது எம்மாத்திரம்? ஆனாலும் ஜன்னல் என்று ஒன்று இருக்கிறது.

2020-இல் கொரோனா வந்தபோது அமெரிக்கா சட்டம் போட்டு, வழக்கமாகத் தகுதியில்லாத சுயதொழில்காரர்களுக்கும் வேலையிழப்பு உதவி கொடுத்தது. சில மாதங்களுக்கு வாரம் 600 டாலர் கூடுதலாகவும் சேர்த்தது. கனடாவின் அவசர உதவித்தொகையும், நான்கு வாரத்துக்கு 2,000 டாலர், சுயதொழில்காரர்களை ஒதுக்கவில்லை. அன்றைக்கு மட்டும் எங்கள் வருமானத்தை எப்படி அளந்தார்கள்?

பொய்க்கணக்கு எழுதுவார்கள் என்ற பயம் நியாயமானது. கடை வைத்திருப்பவர் வியாபாரம் இல்லை என்று சொன்னால் சோதிப்பது கஷ்டம்தான். என் விஷயத்தில் அந்தக் கஷ்டம் இல்லை. வேலை முடிந்தது என்று வாடிக்கையாளர் அனுப்பிய மெயில் இருக்கிறது, லாகின் மூடிய நேரம் இருக்கிறது, மணிக்கணக்கு எழுதிய டைம்ஷீட் இருக்கிறது. ஒரு மாதச் சம்பளக்காரரைவிட என்னிடம்தான் அத்தாட்சி அதிகம். படிவத்தில் நான்காவதாக ஒரு கட்டம் சேர்த்தால் போதும், 'ஒப்பந்தம் முடிந்தது' என்று. அதைக் குறிப்பவர்களிடம் சந்தா வசூலிக்க ஒரு வழியும் வேண்டும்.

இப்போதைய கான்ட்ராக்ட் நவம்பர் கடைசியில் முடிகிறது. நீட்டிப்பு பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. டைம்ஷீட்டுகளை இப்போதே தனி ஃபோல்டரில் போட்டு வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
கான்ட்ராக்ட் டெஸ்டர் ஒருவர்
(அடுத்த வேலை தேட வேண்டியிருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம்.)