பாங்காக் பேச்சு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலைக்காகத் தாய்லாந்து போகிறவர்களுக்கு யோசனை சொல்லி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தாய்லாந்து மொழிக்கு ஐந்து தொனி (சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம்), 44 மெய்யெழுத்து, பேச்சு முடிவில் ஆண்கள் 'க்ரப்', பெண்கள் 'கா', எல்லாம் சரி. ஆனால் பாங்காக் பேச்சைக் கற்றால் நாடு முழுக்கச் சமாளிக்கலாம், மற்றதெல்லாம் கொச்சை என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறதே, அதை அப்படியே விட மனசு வரவில்லை.

நான் வேலை பார்ப்பது வடகிழக்கில், கோன் கேனில். ஈசான் என்று சொல்லும் இந்தப் பகுதியில் மட்டும் 20 மாகாணங்கள், நாட்டு மக்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. பள்ளிக்கூடம், டிவி, அரசு அலுவலகம் எல்லாம் பாங்காக் பேச்சில்தான் நடக்கின்றன என்பதால் நாம் பேசுவது இவர்களுக்குப் புரிந்துவிடும். இவர்கள் தங்களுக்குள் பேசுவதுதான் நமக்குப் புரியாது. காலைச் சந்தையில் பப்பாளிக்காய் விலை கேட்டால் கடைக்கார அம்மா 'ஸாவ் பாட்' என்பார், அதாவது 20 பாட் (பாட் இந்த நாட்டுப் பணம்). வகுப்பில் 20க்கு 'யீ சிப்' என்று படித்துவிட்டு வந்தவர் கையில் பணத்தை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான். 'இல்லை' என்பதற்குப் பாங்காக்கில் 'மை', இங்கே 'போ' (நம்மை விரட்டுகிறார்களோ என்று தோன்றும்). ருசியாக இருக்கிறது என்று சொல்ல பாங்காக்கில் 'அரோய்', இங்கே 'ஸேப்', வடக்கே சியாங் மாயில் 'லம்', தெற்கே ஹாட் யாய் பக்கம் போனால் முதல் அசையை விழுங்கிவிட்டு வெறும் 'ரோய்'.

இதில் கொச்சை எங்கே இருக்கிறது? ஈசான் பேச்சும் லாவோஸ் மொழியும் ஒரே குடும்பம், மேகோங் ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேசிக்கொண்டால் புரியும். ஒழுங்கும் இருக்கிறது. பாங்காக்கில் 'ர' வருகிற பல சொற்களில் இங்கே 'ஹ' வரும்: காதல் 'ரக்' இங்கே 'ஹக்', சூடு 'ரோன்' இங்கே 'ஹோன்'. வடக்கேயும் இதே கதைதான், வரைபடத்தில் சியாங் ராய் என்று போட்டிருக்கும் ஊரை அந்த ஊர்க்காரர்கள் 'ஜியாங் ஹாய்' என்பார்கள். இதைப் பிடித்துக்கொண்டால் தெரியாத சொல்லில் பாதியை ஊகிக்கலாம். தொனிதான் படுத்தும், ஒரே எழுத்துக்கூட்டல் என்றாலும் ஊருக்கு ஊர் குரல் ஏற்ற இறக்கம் வேறு, அதற்குக் காது பழகுவதைத் தவிர வழியில்லை.

கொச்சை என்ற பட்டம் பள்ளிக்கூடத்திலும் அரசாங்கத்திலும் இருந்து வந்தது. 1921இல் கட்டாயக் கல்விச் சட்டம், பாடமெல்லாம் மத்திய பேச்சில், அதாவது பாங்காக் பேச்சில். 1939இல் சியாம் என்ற பெயரைத் தாய்லாந்து என்று மாற்றிய பிரதமர் பிபுனின் அரசு, வடக்கத்தியர் தெற்கத்தியர் என்று பிரித்துச் சொல்லக்கூடாது, எல்லோரும் 'தாய்' மக்கள்தான் (தாய்லாந்தில் வரும் 'தாய்') என்று ஆணையே போட்டது. இன்றைக்கு நாமும் அதையே தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டுமா?

பாங்காக் பேச்சு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதப் படிக்க அதுதான், விசா அலுவலகத்தில் அதுதான். ஆனால் பாங்காக்கிலேயே டாக்சி ஓட்டுகிறவர்களிடமும் ஓட்டல் சமையல்கட்டிலும் கட்டட வேலையிலும் ஈசான் பேச்சைத்தான் நிறையக் கேட்கலாம். அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது எண்கள், விலை கேட்பது, வேண்டும் வேண்டாம், இவற்றையாவது நான்கு பகுதிப் பேச்சிலும் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். சியாங் மாய்ப் பெண்கள் 'கா'வுக்குப் பதில் 'ஜாவ்' என்று முடிப்பதையும் அதில் மறக்காமல் சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோன் கேன், தாய்லாந்து